நூற்றுப் பன்னிரண்டு இடங்களில்

குலசேகரன்பட்டினம் ஏவுதளச் சாலையில் காலை ஏழு மணிக்கெல்லாம் நினைவுக் கடைகளைத் திறந்துவிடுவார்கள். வரிசையில் நிற்பவர்கள் முறை வந்ததும் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக்கொண்டு தலையைச் சாய்ப்பார்கள். கடைக்காரர் அங்கே பொத்தான் அளவில் ஒரு கருவியை ஒட்டிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

"எத்தனை வருசம்? எத்தனை செட்டு?"

"அஞ்சு வருசம். ஒரு செட்டு போதும்," என்றாள் பூரணவல்லி.

"ரெண்டா எடுத்துக்கிடுங்க. உள்ளே போனா ஒண்ணை வாங்கி வச்சுக்கிடுவாங்க. கையில ஒண்ணு இருக்கட்டும்."

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தூத்துக்குடிக் கடலுக்குள் பவளப்பாறை வளர்க்கும் நிலையத்தில் பதினைந்து வருடமாக வேலை. பதினெட்டு வயது முடிந்த எல்லோரையும் போல அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு சொற்சில்லு இருந்தது. அடுத்தவர் பேச்சு அதில் பதியாது. அது குற்றம். நம் வாயால் நாம் சொன்னது மட்டும் பதியும். சொன்னபோது நாடி எப்படித் துடித்தது என்பதும் கூடவே பதியும். வேலைக்கு, கடனுக்கு, வாடகை வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். மனிதர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். பூரணவல்லியும் பழகியவள்தான். அதனால் ஐந்து வருடப் பேச்சைப் பையில் போட்டுக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், செவ்வாய்க் குடிநுழைவகத்தின் படியேறினாள்.

அவள் சேரப் போகும் ஆள் சந்தனராஜ். செவ்வாயின் வடமுனைப் பனிச்சுரங்கத்தில் துளைப்பொறி மெக்கானிக். அவன் போய் இரண்டு வருடமாகிறது. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் அவளும் அவனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊருக்கு அவள் கீழ்வீடு, அவன் மேல்வீடு. கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் இருவர் சொந்த ஊரிலும் முப்பது நாள் அறிவிப்பு ஓடும். அதற்குத்தான் அவள் பயந்தாள். தங்கை கல்யாணம் முடியட்டும் என்றாள். அண்ணன் மகள் சடங்கு முடியட்டும் என்றாள். அவனும் சரி, சரி என்றான். எல்லாம் முடிந்தபோது அவன் கப்பலில் ஏறிவிட்டான்.

வேலை ஒப்பந்தம் நான்கு வருடம்; அவ்வளவு காலம் செவ்வாயில் இருந்தவனின் எலும்பு மறுபடி பூமியைத் தாங்காது. அவன் இனித் திரும்பப் போவதில்லை. கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை. அடுத்தது ஆறு வாரத்தில் கிளம்புகிறது. அதை விட்டால் துணைக்கென்று ஒதுக்கிய இடம் ரத்து. விண்ணப்பத்தில் 'துணைவி' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி அவன் அங்கிருந்து அனுப்பிவிட்டான். இங்கே அவள் அதை நிரூபிக்க வேண்டும்.

கல்யாணமானவர்களுக்குப் பக்கத்து அறை. சான்றிதழைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். அவள் காத்திருந்த நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள். பார்க்காமலே பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் போனார்கள்.

அவளைக் கூப்பிட்ட அறையில் ஒரு மேசையும் இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. அந்தப் பக்கம் நாற்காலி இல்லை. மனித அதிகாரிகள் ஆளையும் உடுப்பையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று புகார் வந்ததிலிருந்து மேசையேதான் அதிகாரி.

"வணக்கம். உட்காருங்கள், பூரணவல்லி அவர்களே," என்றது மேசை. குரல் இதமாக இருந்தது. "நீங்கள் கொடுத்த ஐந்து வருடத்தில், உங்கள் வாயால் சந்தனராஜ் அவர்களைப் பிறரிடம் குறிப்பிட்ட இடங்களைத் தேடினேன். நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்."

அவளுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. "அவ்வளவு இருக்கா?"

"இருக்கிறது. அவற்றில் துணைவர், கணவர், என்னவர், என்னுடைய ஆள் என்ற பொருளில் வருவது ஒன்றுமில்லை. ஒலிக்கவிடட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய குரலே அறையில் கேட்டது. "மாடியில குடியிருக்கிறவரு." அடுத்து, "கூட வேலை பார்க்கிறவரு, எனக்குப் பழக்கமில்லை." அடுத்தது சிரிப்போடு, "சேச்சே, அவரா? கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருக்குன்னு நினைக்கேன்." ஒவ்வொன்றின் அடியிலும் லொட்டு லொட்டென்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. மனிதக் குரலுக்குக் கீழே அந்தச் சத்தம், யாரோ கதவைத் தட்டுவது போல.

"குளிரூட்டி பார்க்க வந்த ஆளு பெரியம்மா" என்று வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது அண்ணன் மகள் ஓவியாவின் சடங்கு. சும்மா வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போ என்று அவள்தான் அவனை வரச் சொன்னாள். அவன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். பந்தலில் பெரியம்மா அவனை மேலும் கீழும் பார்த்து, இது யாரு என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள் பூரணவல்லி. அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குளிரூட்டியின் பக்கம் போய் உட்கார்ந்து, மூடியைக் கழற்றினான். முக்கால் மணி நேரம் வேலை பார்த்தான். பின்பக்கம் சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அதைப் பற்றி அவன் சொன்னது ஒன்றுதான்: "உங்க அண்ணன்கிட்ட அந்த ஃபில்டரை மாத்தச் சொல்லு. ரொம்ப மோசமா இருக்கு."

"இது தொண்ணூற்று நான்காவது," என்றது மேசை. "மருத்துவமனையில் பதிவானது."

"அது வேண்டாம்," என்றாள் அவள்.

ஆனால் குரல் வந்துவிட்டது. "யாரும் இல்ல. நான் பக்கத்து வீடு."

பாரந்தூக்கி சரிந்து அவன் கால் நசுங்கிய நாள். வரவேற்பில் இருந்தவள் அவள் சித்தி மகளின் தோழி. நீங்க அவருக்கு யாரு என்று நர்ஸ் கேட்டபோது பூரணவல்லி சொன்ன பதில் அது. பக்கத்து வீட்டுக்காரி கையெழுத்துப் போட முடியாது. அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் கோவில்பட்டியிலிருந்து வந்து சேரும்வரை நான்கு மணி நேரம் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று. அவன் உள்ளே கத்தியது வெளியே நாற்காலி வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கால் நேராகவே இல்லை. செவ்வாயில் எடை குறைவு, நொண்டினால் தெரியாதாம் என்று சொல்லித்தான் அவன் அந்த வேலைக்கு எழுதிப் போட்டான்.

"நாடி நூற்று நாற்பத்தொன்று," என்றது மேசை. அதன் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "இந்த ஆதாரங்களைக் கொண்டு உறவு இருப்பதாக முடிவு செய்ய இயலவில்லை. இரத்த உறவினர் சாட்சி வேண்டும். முப்பது நாள் அவகாசம். விதிப்படி இந்தத் தொகுப்பின் பிரதி அழைப்பாளருக்கும் போகும்."

"அவருக்கா? அனுப்பாதீங்க. அவரு இதைக் கேக்கவே கூடாது."

"அனுப்பியாகிவிட்டது. பன்னிரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும்."

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் அவள் படியில் உட்கார்ந்து கழித்தாள்.

அண்ணன் பேச்சிமுத்து ஏரலில் இருந்தான். வாழைத்தார் ஏற்றும் ட்ரோன் நிலையத்தில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து ட்ரோன் இறக்கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மதினி செண்பகம் அடுக்களையில் இருந்தாள். பூரணவல்லி வந்த வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டு நின்றபடியே ஆரம்பித்தாள்.

"அண்ணே, என் மாடியில இருந்தாருல்லா, சந்தனராஜ். அவரும் நானும்…"

"தெரியும்ட்டி," என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

"எப்பலேருந்து?"

"பதினோரு வருசமா," என்று அடுக்களையிலிருந்து மதினியின் குரல் வந்தது.

பூரணவல்லி சுவரோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்காமல் அவனை ஏறச் சொன்னது, பண்டிகைக்கு அவனைத் தனியே விட்டுவிட்டு இங்கே வந்து பலகாரம் தின்றது, எல்லாம் யாருக்காக?

"நீ சொல்லல. நாங்க கேக்கல," என்றான் அண்ணன். "அது பாட்டுக்கு ஒழுங்காத்தானே போய்க்கிட்டிருந்துது? இப்ப எதுக்கு இதை எடுக்க?"

அவள் சாட்சி விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் துணியைக் கீழே போட்டான்.

"எழுத்துலயா? ஓவியாவுக்கு நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா? அந்தாளு எந்தத் தெருன்னு ஊருக்கே தெரியும்."

மனிதன் நிலவில் இரண்டு நகரங்களும் செவ்வாயில் ஐந்து குடியிருப்புகளும் கட்டிவிட்டான். ஏரலில் 'எந்தத் தெரு' என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் அதே பொருள்தான்.

"சரிண்ணே," என்று அவள் எழுந்தாள். அதற்கு மேல் கெஞ்ச அவளுக்கு வாய் வரவில்லை. தானே நூற்றுப் பன்னிரண்டு முறை இல்லையென்று சொன்ன ஆளை ஒரே ஒரு முறை ஆமென்று சொல் என்று இன்னொருவனிடம் எந்த முகத்தோடு கேட்பது?

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அவரு எங்க வேலையில இருக்காருன்னு சொன்ன, பூரணம்?"

"செவ்வாய்ல, மதினி."

"செவ்வாய்லயா? வடக்க எங்கேயோன்னுல்லா நாங்க நினைச்சோம்." மதினி அண்ணனைப் பார்த்தாள். "ஏங்க, நம்ம ஆளு செவ்வாய்லயா இருக்காரு?"

'அந்தாளு' ஒரே மூச்சில் 'நம்ம ஆளு' ஆனதைப் பூரணவல்லி கவனித்தாள். கவனிக்காதது போல நின்றாள்.

செவ்வாயில் ஒருவர் இருந்தால் அவரைச் சேர்ந்தவர்களுக்குக் குடும்பத் தொடர்வரிசை என்று ஒரு சலுகை உண்டு. அக்கா மகன், மச்சான் தம்பி என்று ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். மறுநாள் காலையில் அண்ணன் அழைத்தான். சாட்சி சொல்கிறேன் என்றான். அந்த வாரத்துக்குள் பெரியம்மா, சித்தி, சித்தி மகள், மூன்று மாமன்மார் என்று முப்பத்தொரு பேர் தாங்களாகவே குடிநுழைவகத்துக்குச் சாட்சி கொடுத்துவிட்டார்கள். ஏரல் முக்கில் ஒரு மின்பதாகையும் ஏறியது. சந்தனராஜின் வேலை அட்டைப் படத்தை யாரோ ஒரு பட்டு வேட்டிக்காரன் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். 'செவ்வாய் கண்ட எங்கள் குடும்ப மாப்பிள்ளை' என்று எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

பூரணவல்லி அதன் கீழே ரொம்ப நேரம் நின்றாள். உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு கூசிப்போனாள். இவர்களாவது ஒரு கிரகத்தைக் காட்டினால் மாறுகிறார்கள். அவள் வாயில் அந்த உறவு முதன்முதலில் வந்ததும் ஒரு விண்ணப்பத்துக்காகத்தானே?

இரண்டாவது விசாரணைக்கு அண்ணனும் வந்தான். கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மேசைக்கு ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தான்.

"முப்பத்தொரு பேர், சந்தனராஜ் அவர்களை எப்போதும் மாப்பிள்ளையாகவே கருதி வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்," என்றது மேசை. "பூரணவல்லி அவர்களே, இது உண்மை என்று நீங்கள் உறுதி சொன்னால் கோப்பை இப்போதே முடித்துவிடலாம்."

"ஆமான்னு சொல்லுட்டி," என்றான் அண்ணன் மெதுவாக.

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல்தான். அதைச் சொன்னால் ஒன்பது நாளில் கப்பல். அவனைப் பற்றி இன்னொரு பொய், நூற்றுப் பதின்மூன்றாவது. பின்பக்கம் சமையல்காரர்களோடு உட்கார்ந்து அவன் சாப்பிட்டதை, அவர்கள் எல்லோரும் அவனைத் தலைவாசலில் வரவேற்றதாக மாற்றிவிடுகிற பொய்.

"பொய்யி," என்றாள். "இவங்க யாரும் அவரை மாப்பிள்ளையா நினைக்கல. நினைக்க நான் விடவுமில்ல. நான் சொன்ன நூத்திப் பன்னிரண்டும் பொய்யி. இந்த முப்பத்தொண்ணும் பொய்யி."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தான் தோன்றியது," என்றது மேசை. "முப்பத்தொரு பேரும் சாட்சி சொன்னபோது ஒருவருக்குக்கூட நாடி எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. பேச்சிமுத்து அவர்களின் சாட்சியையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த தம் பேச்சுப் பிரதியில் ஒரு வரி இருக்கிறது. சடங்கு நாள் மத்தியானம், மனைவியிடம் சொன்னது."

அண்ணனின் குரல் தாழ்ந்து, அவசரமாக ஒலித்தது. "ஏளா, பின்னால மெஷின் பாக்குதாருல்லா, அவருக்கு வடையும் பாயசமும் நல்லாப் பாத்து வையி. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்." அதன் அடியில் அவன் நெஞ்சு குதித்துக்கொண்டிருந்தது.

பேச்சிமுத்து குனிந்துகொண்டான். நரைத்த அந்தத் தலை நிமிரவே இல்லை.

"நாடி நூற்று முப்பத்தெட்டு," என்றது மேசை. "சென்ற வாரம்வரை உங்கள் நூற்றுப் பன்னிரண்டையும் மறுப்பு என்றே எண்ணியிருந்தேன். பிறகு உங்கள் பகுதியைச் சேர்ந்த நாற்பதாயிரம் பேரின் கோப்புகளோடு ஒப்பிட்டேன். உங்கள் மக்கள் தமக்கு ஒட்டாதவர்களோடு கூச்சமில்லாமல் உறவு கொண்டாடுகிறார்கள். நெஞ்சு இவ்வளவு அடித்துக்கொள்ள ஒருவரை இல்லையென்று சொல்வது, அவர் தம் உயிராக இருந்தால் மட்டுமே. உறவு நிரூபணமாகிவிட்டது. விசா அனுமதிக்கப்படுகிறது."

பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு அதைப் பார்க்கக் கூசியது. அவனுக்கு அவள் செய்த துரோகத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து, இதுதான் அன்பு என்று ஒரு மேசை முத்திரை குத்திவிட்டது.

"அவரு கேட்டாரா?" என்றாள்.

"நூற்றுப் பன்னிரண்டையும் கேட்டார். மூன்று நாள் எடுத்துக்கொண்டார். சம்மதம் கொடுத்து ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்." மேசையின் மேல் எழுத்துகள் வந்தன. 'எனக்கு மூணுதான் தெரியும். மத்ததை அவளே சொல்லியிருக்கலாம். சரி, வரட்டும்.'

வெளியே வந்ததும் அண்ணன் நின்றான். "அந்தப் பதாகையை எறக்கச் சொல்லிருதேன்ட்டி," என்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

அவள் நினைவுக் கடைகளின் தெருவில் நடுவே நின்றாள். முன்பகல் கூட்டம் நெருக்கியடித்தது. செவ்வாய்க்குச் செய்தி அனுப்பும் பேசியைக் கையில் எடுத்தாள். வழக்கமாக அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டுத்தான் அவனிடம் பேசுவாள். இன்று எங்கும் ஒதுங்கவில்லை. சத்தமாகவே ஆரம்பித்தாள்.

"சந்தனம், நான் உன் பொண்டாட்டி பூரணவல்லி பேசுதேன். குலசேகரன்பட்டினம் நடுத்தெருவுல நின்னு பேசுதேன். கேக்கவங்க கேக்கட்டும். அந்த நூத்திப் பன்னிரண்டுக்கும் நீ என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லணும். வந்து உன் முன்னால நின்னு ஒவ்வொண்ணா சொல்லுதேன். நீ என் புருசன். இதைப் பதினோரு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும்."

சொல்லி முடித்ததும் சுற்றிலும் பார்த்தாள். யாரும் திடுக்கிடவில்லை. யாரும் கையால் வாயைப் பொத்தவில்லை. வரிசையில் நின்ற நாலைந்து பேர் கொஞ்சம் அக்கறையோடு பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.

கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு இளம்பெண் சிரித்த முகமாக அருகே வந்தாள். எதிர்ச்சுவரில் அவள் நிறுவனத்தின் பலகை புதிதாக மின்னிக்கொண்டிருந்தது: 'துணை விசா நேர்காணல் பயிற்சி. ஏழே நாளில்.' மேசை எதை நம்ப ஆரம்பித்திருக்கிறது என்ற செய்தி பூரணவல்லிக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது.

"நல்லாப் பேசுறீங்க அக்கா. சொந்தமா எழுதினதா?" என்றாள் அந்தப் பெண். பூரணவல்லியின் மணிக்கட்டை உரிமையோடு பிடித்து, விரல் வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆனா நாடி ஏறவே இல்லை பாருங்க. இப்படி நிதானமா, எல்லார் முன்னாலயும் புருசன்னு சொன்னா எந்த மேசையும் நம்பாது. உள்ளே வாங்க, எப்படி மறைக்கணும்னு நாங்க சொல்லித் தாரோம்."